குளோன் போட்டதுக்கப்புறம் யூசர் புரொஃபைல் காணோமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டி போடுறது இப்ப மதுரையில தெருவுக்குத் தெரு நடக்குது, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதுக்கப்புறம் இன்னும் ஜாஸ்தி. புதுசா விண்டோஸ் போட்டா டேலி, பிரிண்டர், தமிழ் ஃபாண்ட்னு எல்லாத்தையும் முதல்ல இருந்து போடணும், அதனால அப்படியே குளோன் பண்ணிக் குடுங்கன்னு, அதாவது பழைய டிஸ்க்ல உள்ளத மொத்தமா எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணச் சொல்லிக் கேக்குறாங்க, அது நியாயமான ஆசை தான். பிரச்சன எங்க வருதுன்னா குளோன் நூறு பர்சன்ட் முடிஞ்சுச்சுன்னு காட்டும், பூட்டும் ஆயிரும், பாஸ்வேர்ட் போட்டு உள்ள போனா டெஸ்க்டாப் காலியா நிக்கும். உடனே பக்கத்துல இருக்குற ஒருத்தர் "ஃபார்மேட் போட்டுருவோம்"னு சொல்லுவாரு. அதுக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிருங்க. பழைய டிஸ்க்ல யாரும் கை வைக்காத வரைக்கும் உங்க ஃபைல் எங்கிட்டும் போகல.

அண்ணே, எஸ்எஸ்டி போட்டு லாகின் பண்ணா டெஸ்க்டாப்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் அழிஞ்சு போச்சா?

பெரும்பாலும் அழிஞ்சிருக்காது. முதல்ல சி டிரைவ தொறந்து யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள போங்க. உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் இருக்கான்னு பாருங்க. பக்கத்துலயே டெம்ப்னு இன்னொரு ஃபோல்டர் புதுசா இருந்துச்சுன்னா விஷயம் தெளிவு, விண்டோஸ் உங்க சொந்த புரொஃபைல (உங்க டெஸ்க்டாப், ஃபைல், செட்டிங் எல்லாம் சேந்தது) விட்டுட்டு, தற்காலிகமா ஒரு காலி புரொஃபைல்ல, அதான் டெம்பரரி புரொஃபைல்ல உள்ள விட்ருக்கு. லாகின் ஆன உடனே மூலையில "உங்க அக்கவுண்ட்ல சைன் இன் பண்ண முடியல"ன்னோ டெம்பரரி புரொஃபைல்னோ ஒரு அறிவிப்பு வந்திருக்கும், நெறைய பேர் அத படிக்காமலேயே மூடிருவாங்க.

இந்த நெலமையில எதையும் டெஸ்க்டாப்ல சேவ் பண்ணாதீங்க. டெம்பரரி புரொஃபைல்ல நீங்க வச்ச ஃபைல், மாத்துன செட்டிங் எல்லாமே சைன் அவுட் பண்ண உடனே அழிஞ்சிரும். அவசரமா பில் போட்டு, அத டெஸ்க்டாப்ல வச்சுட்டு சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டு, மறுநாள் காலையில காணோம்னு வர்றவங்க தான் உண்மையிலேயே டேட்டாவ இழந்தவங்க. ஏற்கனவே எதாவது வேல பாத்துட்டீங்கன்னா ஆஃப் பண்றதுக்கு முன்னாடி அத பென் டிரைவ்லயோ டி டிரைவ்லயோ போட்டுக்கங்க.

உள்ள நடக்குறது என்னன்னா, விண்டோஸ் உங்கள பேர வச்சு அடையாளம் பாக்குறது இல்ல, எஸ்ஐடின்னு ஒரு நீள நம்பர் இருக்கு, எஸ்-1-5-21ன்னு ஆரம்பிக்கும், அத வச்சுத் தான் பாக்குது. விண்டோஸ் தன்னோட செட்டிங் எல்லாம் எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில புரொஃபைல் லிஸ்ட்னு ஒரு எடத்துல இந்த நம்பருக்கு இந்த ஃபோல்டர்னு எழுதி வச்சிருக்கும். குளோனுக்கு அப்புறம் வர்ற சிக்கல்ல முக்காவாசி இங்க தான். வீடு அப்படியே நிக்குது, பட்டாவுல சர்வே நம்பர் தான் மாறிக் கெடக்குன்ற மாதிரி. பட்டாவ திருத்துனா போதும், வீட்ட இடிக்க வேண்டியது இல்ல.

சரிண்ணே, அந்த டெம்பரரி புரொஃபைல எப்படி சரி பண்றது?

முதல்ல சும்மா ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஆன்டிவைரஸோ வேற எதுவோ ஃபைல புடிச்சு வச்சிருந்ததால வந்த பிரச்சனைன்னா அதுலயே சரியாயிரும். ஆகலன்னா கீழ உள்ளத பைய, வரிசையா பண்ணுங்க, அவசரப்பட வேணாம்.

வேற ஒரு அட்மின் அக்கவுண்ட் வேணும், பிரச்சன உள்ள அக்கவுண்ட்ல இருந்துக்கிட்டே இத செய்யக்கூடாது. இன்னொரு அட்மின் இல்லன்னா கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மினா தொறந்து நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஸ்லாஷ் ஆக்டிவ் கோலன் யெஸ் (net user administrator /active:yes) அப்படிங்கிற கமாண்ட் குடுத்தா விண்டோஸ் ஒளிச்சு வச்சிருக்குற அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் வெளிய வரும், வேல முடிஞ்சதும் அதே கமாண்ட்ல யெஸ்க்கு பதிலா நோ குடுத்து மூடிருங்க, மறக்காதீங்க.

அந்த அட்மின்ல நுழைஞ்சு ரெஜெடிட் (ரெஜிஸ்ட்ரிய திருத்துற புரோகிராம்) தொறங்க. ஹெச்கே லோக்கல் மெஷின், அதுக்குள்ள சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட் வெர்ஷன், கடைசியா புரொஃபைல் லிஸ்ட். அந்த புரொஃபைல் லிஸ்ட் மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் போட்டு ஒரு காப்பி எடுத்து வச்சுருங்க, இத விட்டுட்டு அடுத்த ஸ்டெப் போகாதீங்க. உள்ள எஸ்-1-5-21ன்னு ஆரம்பிக்கிற கீ ஒவ்வொண்ணையும் கிளிக் பண்ணி வலது பக்கம் புரொஃபைல் இமேஜ் பாத்ன்ற வரிய பாருங்க, உங்க ஃபோல்டர் பேரு எதுல இருக்கோ அது தான் உங்க கீ.

டெம்பரரி புரொஃபைல் பிரச்சனையில ஒரே நம்பர் ரெண்டு தடவ இருக்கும், ஒண்ணு சும்மா, இன்னொண்ணு கடைசியில புள்ளி வச்சு பி ஏ கேன்னு (.bak) முடியும். அந்த பி ஏ கே உள்ளது தான் உங்களோட ஒரிஜினல், சும்மா இருக்குறது டெம்பரரிக்காக விண்டோஸ் புதுசா போட்டது. சும்மா இருக்குறத ரீநேம் பண்ணி கடைசியில புள்ளி ஓல்டுன்னு போடுங்க, அப்புறம் ஒரிஜினல்ல உள்ள பி ஏ கேய எடுத்துருங்க. அதுக்குள்ள புரொஃபைல் இமேஜ் பாத் சரியான ஃபோல்டர காட்டுதான்னு ஒருக்க பாத்துக்கங்க, ஸ்டேட்ன்ற வேல்யூவ 0 ஆக்குங்க, ரெஃப் கவுண்ட்னு ஒண்ணு இருந்தா அதையும் 0 ஆக்குங்க, இல்லன்னா விட்ருங்க. ரீஸ்டார்ட் பண்ணி உங்க அக்கவுண்ட்ல நுழைங்க.

பி ஏ கே உள்ள கீ மட்டும் தனியா இருந்து, சும்மா உள்ளது இல்லவே இல்லன்னா ரீநேம் மட்டும் போதும். ரெண்டுமே இல்லாம உங்க கீ ஒண்ணே ஒண்ணு நல்லபடியா இருந்து அப்பவும் டெம்பரரில தான் போகுதுன்னா கோளாறு லிஸ்ட்ல இல்ல, என்டியூசர் டாட் (NTUSER.DAT) ஃபைல்ல. அதுக்குக் கீழ தனியா பதில் இருக்கு.

இதுல எந்தக் கோளாறுன்னு ஊகம் பண்ணாம கண்டுபுடிக்க வழி இருக்கா?

இருக்கு, ஈவென்ட் வியூவர், விண்டோஸ் உள்ள நடந்தத எல்லாம் நம்பர் போட்டு எழுதி வச்சிருக்குறத காட்டுற புரோகிராம். அப்ளிகேஷன் லாக்ல யூசர் புரொஃபைல் சர்வீஸ்ன்ற பேர்ல வர்றத மட்டும் பாருங்க. 1511 வந்தா லோக்கல் புரொஃபைல் கெடைக்கல, டெம்பரரில விட்ருக்குன்னு அர்த்தம். 1515 வந்தா புரொஃபைல பேக்கப்பா ஒதுக்கி வச்சிருச்சுன்னு அர்த்தம், அந்த பி ஏ கே வர்றது அப்ப தான். 1502, 1508 வந்தா ஃபைல் கெட்டுருக்கு இல்ல பெர்மிஷன் தடுக்குது. 1530னு மஞ்ச கலர்ல ஒண்ணு அடிக்கடி வரும், ரெஜிஸ்ட்ரி ஃபைல வேற ஏதோ புரோகிராம் இன்னும் புடிச்சிருந்துச்சுன்னு சொல்லும், அத பாத்து பயப்பட வேணாம்.

எனக்கு இதுல ஒரு கோரிக்க, சர்வீஸ் பாக்குற தம்பிங்களுக்கு. யூட்யூப்ல பாத்த முதல் வழிய அப்படியே செய்யாம ஒரு நிமிஷம் இந்த லாக்க பாருங்க. கஸ்டமரோட பத்து வருஷ கணக்கு அந்த டிஸ்க்ல இருக்கு.

குளோன் பண்ணா மட்டும் ஏன் இப்படி வருது, சாதாரணமா வர்றது இல்லையே?

சாதாரணமாவும் வரும், ஆனா குளோன்ல வர்றதுக்கு காரணம் ஜாஸ்தி. அதுல பெருசு, ரெண்டு டிஸ்க்கையும் மாட்டி வச்சுக்கிட்டே முதல் தடவ ஆன் பண்றது. குளோன்னா அச்சு அசல் காப்பி, டிஸ்க் சிக்னேச்சர்னு சொல்ற அடையாள நம்பரும் சேந்தே காப்பியாயிருக்கும். ஒரே நம்பர்ல ரெண்டு டிஸ்க் இருந்தா விண்டோஸ் ஒண்ண ஆஃப்லைன்ல போட்ரும். அத நம்ம டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி ஆன்லைன் குடுத்தோம்னா அந்த டிஸ்க்கோட நம்பர விண்டோஸ் மாத்திரும், அப்புறம் அந்த டிஸ்க்ல இருந்து பூட் ஆகுறதே சிக்கலாயிரும். அதனால குளோன் முடிஞ்ச உடனே ஆஃப் பண்ணி, பழைய டிஸ்க்க கேபிளோட கழட்டி ஓரமா வச்சுட்டு, எஸ்எஸ்டிய மட்டும் வச்சு முதல் பூட் பண்ணுங்க. நல்லா ஓடுதுன்னு உறுதியானதுக்கப்புறம் பழசு தேவைன்னா மாட்டிக்கலாம்.

ரெண்டாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ்ல ஷட்டவுன் குடுத்தா நெசத்துல முழுசா ஆஃப் ஆகுறது இல்ல, பாதி ஹைபர்னேட் மாதிரி தூங்குது. அப்படியே குளோன்ஜில்லா (குளோன் பண்ற டூல்) பென் டிரைவ போட்டு பூட் பண்ணா ஒண்ணு அது குளோன் பண்ண மாட்டேன்னு சொல்லும், இல்ல அரகொறையான நெலமையிலேயே காப்பியாகும். ஷட்டவுனுக்கு பதிலா ரீஸ்டார்ட் குடுத்து பென் டிரைவுக்குள்ள போங்க, ரீஸ்டார்ட் பண்ணா முழுசா மூடிரும். இல்ல பவர்சிஎஃப்ஜி கமாண்ட்ல ஹைபர்னேட்டையே ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க.

மூணாவது, பழைய டிஸ்க்கே சாகுற நெலமையில இருக்குறது. ஸ்லோவா இருக்குன்னு எஸ்எஸ்டிக்கு வர்றாங்க, அது ஸ்லோவானதே பேட் செக்டர்னால, அதாவது டிஸ்க்ல படிக்க முடியாம கெட்டுப்போன எடத்தால தான்னு பின்னாடி தெரியும். குளோன் டூல்ல பேட் செக்டர விட்டுட்டுப் போன்னு ஆப்ஷன் குடுத்துட்டா அது விட்ட எடம் உங்க என்டியூசர் டாட் ஃபைலா இருந்தா முடிஞ்சுச்சு கத. டிஸ்க்கோட நெலமைய காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு பாருங்க, மஞ்ச கலர்ல காஷன்னு வந்தா முதல்ல முக்கியமான ஃபோல்டர தனியா காப்பி எடுத்துட்டு அப்புறமா குளோன் பக்கம் போங்க.

யுபிஎஸ் இல்லாம குளோன் ஆரம்பிக்காதீங்க. மாசாந்திர பராமரிப்பு கரண்ட் கட் என்னைக்குன்னு பேப்பர்லயே போட்டுர்றாங்க, அன்னைக்கு இந்த வேலைய வச்சுக்காதீங்க.

பாஸ்வேர்ட் போட்டா "வெல்கம்" வருது, உடனே திரும்ப லாகின் ஸ்கிரீனுக்கே வந்துருது. இல்லன்னா டெஸ்க்டாப் தயாராகுதுன்னு அப்படியே நிக்குது. இது என்ன?

டிரைவ் லெட்டர் மாறிப்போச்சு. உங்க விண்டோஸ் சி-ன்னு நெனச்சுக்கிட்டு இருக்குற பார்ட்டிஷன் வேற, இப்ப பூட் ஆன பார்ட்டிஷன் வேற. எந்த டிஸ்க்ல எந்த பார்ட்டிஷன் எந்த எழுத்துன்னு ரெஜிஸ்ட்ரியில சிஸ்டம்க்குள்ள மவுண்டட் டிவைசஸ்ன்ற எடத்துல எழுதி வச்சிருக்கும், டிஸ்க்க பார்ட்டிஷனா பிரிக்கிற முறை ரெண்டு உண்டு, பழைய எம்பிஆர் டிஸ்க்குன்னா சிக்னேச்சரும் பார்ட்டிஷன் ஆரம்பிக்கிற எடமும், புது ஜிபிடின்னா பார்ட்டிஷனோட ஐடி நம்பரும் இருக்கும். குளோன் பண்ணும்போது பார்ட்டிஷன நகட்டியிருந்தாலோ ரெண்டு டிஸ்க்கோட முதல் பூட் நடந்திருந்தாலோ சி எழுத்து பழசுக்கே போயிரும். புரொஃபைல் லிஸ்ட்ல சி-யில யூசர்ஸ்னு எழுதியிருக்கும், அங்க ஒண்ணும் இருக்காது.

முதல்ல லேசான வழி. பழைய டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டிய மட்டும் வச்சு பூட் பண்ணுங்க, சில சமயம் இதுலயே வழிக்கு வந்துரும். வரலன்னா விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ்ல பூட் பண்ணி, முதல் ஸ்கிரீன்ல ஷிஃப்டும் எஃப்10உம் சேத்து அழுத்துனா கறுப்பு விண்டோ வரும், அதுல ரெஜெடிட். ஹெச்கே லோக்கல் மெஷின செலக்ட் பண்ணிட்டு ஃபைல் மெனுவுல லோடு ஹைவ் (வேற டிஸ்க்ல உள்ள ரெஜிஸ்ட்ரி ஃபைல தொறக்குறது) குடுத்து எஸ்எஸ்டியில விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டர்ல உள்ள சிஸ்டம்ன்ற ஃபைல தொறங்க, எதாவது ஒரு பேரு குடுங்க. அதுக்குள்ள மவுண்டட் டிவைசஸ்ல டாஸ் டிவைசஸ்னு ஆரம்பிச்சு எழுத்தோட முடியிற வரியெல்லாம் அழிச்சுட்டு அன்லோடு ஹைவ் குடுத்து வெளிய வாங்க. அடுத்த பூட்ல விண்டோஸ் புதுசா எழுத்து குடுத்துக்கும். அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த சிஸ்டம் ஃபைலயே காப்பி பண்ணி வச்சுக்கங்க. பென் டிரைவ்ல பூட் பண்ணும்போது உங்க எஸ்எஸ்டி சி-ன்னு தான் தெரியும்னு கட்டாயம் இல்ல, டி-யாவோ இ-யாவோ தெரியலாம், உள்ள யூசர்ஸ்ல உங்க பேரு இருக்கான்னு பாத்துட்டு கை வைங்க.

லாகின் ஆகுது, ஆனா டெஸ்க்டாப் "இருக்குற எடம் கெடைக்கல"ன்னு எரர் வருது.

அந்த எரர்ல எந்த டிரைவ் எழுத்து வருதுன்னு படிங்க. டின்னு வந்தா, யாரோ முன்னாடி உங்க டெஸ்க்டாப்பயும் டாக்குமென்ட்ஸையும் டி டிரைவுக்கு மாத்தி வச்சிருக்காங்க, இப்ப சி மட்டும் குளோன் ஆகி, டி இன்னும் பழைய டிஸ்க்லயே இருக்கு, இல்லன்னா அது இ-யா மாறிருச்சு. கீழமாசி வீதி பக்கம் மொத்தக் கடைகள்ல இது ரொம்ப சகஜம், விண்டோஸ் கெட்டுப்போனாலும் கணக்கு தப்பிக்கட்டும்னு டி-யில வைக்கிறாங்க, நல்ல பழக்கம் தான். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி அந்த பார்ட்டிஷனுக்கு பழைய எழுத்தையே திரும்பக் குடுங்க, சிடி டிரைவ் டி-ய புடிச்சிருந்தா அத முதல்ல இசட்டுக்கு தள்ளுங்க, ரீஸ்டார்ட், அம்புட்டு தான்.

எரர்ல சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம் புரொஃபைல்னு வந்தா அது வேற, உங்க புரொஃபைலே லோடு ஆகல. மேல சொன்ன புரொஃபைல் லிஸ்ட்ட பாருங்க.

சிம்மக்கல்ல டிடிபி வச்சிருக்கேண்ணே. எல்லா ஃபைலும் இருக்கு, ஆனா தமிழ் ஃபாண்ட் பாதி காணோம், கீபோர்டும் இங்கிலீஷ்லயே நிக்குது. பத்திரிகை வேல கெடக்கு.

நீங்க இப்ப டெம்பரரி புரொஃபைல்ல இருக்கீங்க, இல்ல சர்வீஸ் பாத்தவரு புது யூசர் போட்டு ஃபைல மட்டும் காப்பி பண்ணிக் குடுத்துட்டாரு. விண்டோஸ் 10ல 1809 வெர்ஷன்ல இருந்து ஃபாண்ட்ட டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா அது அந்த ஒரு யூசருக்கு மட்டும் தான் போகும், விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகாது. உங்க பேர் ஃபோல்டர்ல ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ்னு உள்ள போனா அங்க ஒக்காந்திருக்கும். ஆப்டேட்டா ஹிடன் ஃபோல்டர், வியூவுல ஹிடன் ஐட்டம்ஸ் டிக் பண்ணா தான் தெரியும். அங்க இருக்குற அம்புட்டு ஃபாண்டையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக்ல எல்லா யூசருக்கும் இன்ஸ்டால்னு இருக்குறத குடுங்க. இனிமே எப்பவும் அப்படியே போடுங்க, அடுத்த தடவ இந்தப் பிரச்சன வராது. கோரல்ல பழைய வேலைய தொறக்குறப்ப ஃபாண்ட் இல்லைன்னு கேட்டு வேற ஃபாண்ட் மாத்தவான்னு வந்தா வேணாம்னு சொல்லிட்டு சேவ் பண்ணாம மூடிருங்க, ஃபாண்ட் போட்டுட்டு தொறந்துக்கலாம்.

கீபோர்டும் யூசர் வாரியா தான் இருக்கும். ஒரிஜினல் புரொஃபைல் திரும்ப வந்தா தானா வந்துரும். முகூர்த்த நேரத்துல, சித்திரைத் திருவிழா நேரத்துல டிஸ்க் மாத்துற வேலைய வச்சுக்காதீங்கண்ணே, ஆர்டர் குறைஞ்ச வாரமா பாத்து வைங்க.

என்டியூசர் டாட் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க. அப்படின்னா?

உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருக்குற ஒரு ஃபைல் அது. உங்களோட செட்டிங் எல்லாம் அதுக்குள்ள தான், லாகின் பண்ணும்போது அத தான் ஹெச்கே கரண்ட் யூசர்னு ரெஜிஸ்ட்ரியில மாட்டுது. அது கெட்டா உள்ள விடாது, ஆனா உங்க போட்டோ, டாக்குமென்ட், எக்ஸெல் எதுவும் அதுல இல்ல, அது பாட்டுக்கு தனியா நல்லாத் தான் இருக்கும்.

முதல் வேல, பழைய டிஸ்க்ல அந்த ஃபைல் நல்லா இருக்கான்னு பாருங்க. பழைய டிஸ்க்ல பூட் ஆகி ஒழுங்கா லாகின் ஆகுதுன்னா குளோன்ல தான் தப்பு, செக் டிஸ்க் போட்டுட்டு திரும்ப குளோன் பண்றது தான் சுத்தமான வழி, ஒட்டு வேல பாக்குறத விட அது வெரசா முடியும். பழசுலயும் கெட்டுருச்சுன்னா புது யூசர் தான். மூணு அக்கவுண்ட் வேணும்: கெட்டது, புதுசு, வேல பாக்குறதுக்கு ஒரு அட்மின். புது யூசர்ல ஒரு தடவ லாகின் பண்ணி ஃபோல்டர் உருவானதும் வெளிய வந்து, மூணாவது அட்மின்ல நுழைஞ்சு பழைய ஃபோல்டர்ல உள்ளத புதுசுக்கு காப்பி பண்ணுங்க, என்டியூசர்னு பேரு ஆரம்பிக்கிற ஃபைல் எதையும் சேத்து காப்பி பண்ணாதீங்க, கெட்டதையே திரும்பக் கொண்டுபோயி வச்ச மாதிரி ஆயிரும்.

இதுல ஒரு வருத்தமான விஷயம் முன்கூட்டியே சொல்லிர்றேன். குரோம்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்ட் இப்படி காப்பி பண்ணா வராது, அது பழைய அக்கவுண்ட்டோட பூட்டி வச்சது. கூகுள் அக்கவுண்ட்ல சிங்க் ஆகியிருந்தா வந்துரும். அவுட்லுக்ல ஓஎஸ்டி ஃபைல காப்பி பண்ணியும் பிரயோஜனம் இல்ல, மெயில் சர்வர்ல இருந்து புதுசா எறங்கிக்கும். பிஎஸ்டி ஃபைல் அப்படி இல்ல, அது தான் மெயிலே, அத கட்டாயம் எடுத்து வைங்க.

டேலி டேட்டா போயிருச்சா?

டேலி டேட்டா பல எடத்துல யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள பப்ளிக்ன்ற ஃபோல்டர்ல இருக்கும், உங்க பேர்ல உள்ள ஃபோல்டர்ல இல்ல, அதனால புரொஃபைல் போனாலும் அது தப்பிச்சிரும். கம்பெனி செலக்ட் பண்ற ஸ்கிரீன்ல டேட்டா பாத் காட்டும், அது எங்க காட்டுதுன்னு குளோனுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, டேலிக்குள்ள இருந்தே ஒரு பேக்கப்பும் எடுத்துருங்க.

பழைய டிஸ்க்க மாட்டி என் ஃபோல்டர தொறந்தா ஆக்சஸ் டினைடுன்னு வருது.

கன்டினியூன்னு கேட்டா குடுத்துட்டு காத்திருங்க, பச்ச கோடு பைய போகும். அப்பவும் விடலன்னா ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, அங்க ஓனர மாத்துங்க. ஆனா பழைய டிஸ்க்லயே இப்படி ஓனர மாத்துனா அந்த டிஸ்க் திரும்ப பூட் ஆகும்போது அங்கயும் சிக்கல் வரலாம், அதனால அத கடைசி வழியா வச்சுக்கங்க. இன்னொண்ணு, ஃபோல்டருக்கு பெர்மிஷன் குடுத்தா மட்டும் ஒரு புரொஃபைல் லோடு ஆகிராது, என்டியூசர் டாட் ஃபைலுக்கு உள்ளயும் தனியா பெர்மிஷன் இருக்கு, ரெஜெடிட்ல அத லோடு பண்ணி யூசருக்கு ஃபுல் கண்ட்ரோல் குடுத்தா தான் வேல நடக்கும். எல்லாம் சரியா இருந்தும் 1502, 1508 வந்துக்கிட்டே இருக்குன்னா பெரும்பாலும் இத விட்டிருப்பாங்க.

யூசர்ஸ்ல என் பேரு ரெண்டு தடவ இருக்கு, ஒண்ணுல கடைசியில 000ன்னு இருக்கு.

எஸ்ஐடி மாறிருச்சு, அதே பேர்ல ஃபோல்டர் ஏற்கனவே இருந்ததால விண்டோஸ் புதுசா ஒண்ண பக்கத்துல போட்ருக்கு. சில சமயம் கம்ப்யூட்டர் பேரோ டொமைன் பேரோ கூட ஒட்டியிருக்கும். எதுல உங்க ஃபைல் இருக்குன்னு பாத்துட்டு, தேவையில்லாதத சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டுல யூசர் புரொஃபைல்ஸ் செட்டிங்ஸ்ல போயி டெலிட் பண்ணுங்க. எக்ஸ்ப்ளோரர்ல போயி ஃபோல்டர கையால அழிக்காதீங்க, லிஸ்ட்ல பேரு அப்படியே நிக்கும், ஃபோல்டர் இருக்காது, அடுத்த லாகின் டெம்பரரிக்குத் தான் போகும்.

பின் நம்பர் வேல செய்யல.

டிஸ்க்க வேற மெஷின்ல மாட்டியிருப்பீங்க. பின் அந்த மதர்போர்டுல உள்ள டிபிஎம்ன்ற பாதுகாப்பு சிப்புக்குக் கட்டுப்பட்டது. பாஸ்வேர்ட் போட்டு நுழைஞ்சு, சைன் இன் ஆப்ஷன்ஸ்ல பின்ன எடுத்துட்டு புதுசா போடுங்க. குளோனுக்கு முன்னாடி அந்த பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க, வருஷக்கணக்கா பின்லயே போறவங்களுக்கு அது மறந்தே போயிருக்கும்.

பிட்லாக்கர் ரிக்கவரி கீ கேக்குது, நான் பிட்லாக்கர் போடவே இல்லையே?

விண்டோஸ் 11 24ஹெச்2 புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சா டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ஒரு வடிவம்) தானா ஆன் ஆயிரும், நீங்க போட வேணாம். அந்த 48 இலக்க கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேவ் ஆகியிருக்கும், மொபைல்ல லாகின் பண்ணி எடுத்துக்கலாம். அக்கவுண்ட் தொறந்து குடுத்தது யாரு, மகனா, கடை ஆளா, அவங்க மெயில் ஐடின்னா அவங்கள கேளுங்க. குளோனுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல அத ஆஃப் பண்ணி, முழுசா டிகிரிப்ட் ஆகுற வரைக்கும் விட்டுட்டு ஆரம்பிச்சா இந்தத் தொல்லையே இல்ல.

சார், திருமங்கலம் பக்கம் காலேஜ்ல லேப் பாத்துக்கிறேன். ஒரு சிஸ்டம்ல எல்லாம் போட்டு இமேஜ் எடுத்து எல்லாத்துலயும் எறக்குனேன். இப்ப ஷேர் ஃபோல்டர், பிரிண்டர் தொறந்தா பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டே இருக்கு, சரியா போட்டாலும் விடல.

இத கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுல காலம் மாறிருச்சு. யூசருக்கு இருக்குற மாதிரி கம்ப்யூட்டருக்கும் ஒரு எஸ்ஐடி உண்டு, அந்த மெஷின் எஸ்ஐடி ரெண்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணா இருந்தா என்னன்னு ரொம்ப நாளா வாதம் நடந்துச்சு. அத மாத்துறதுக்குன்னே நியூஎஸ்ஐடின்னு ஒரு டூல் இருந்துச்சு, அத எழுதுன மார்க் ருசினோவிச்சே 2009ல இது பிரச்சனையே இல்லைன்னு எழுதி அந்த டூல நிறுத்திட்டாரு. ஆனா அப்பவும் மைக்ரோசாஃப்ட் சொன்னது, இமேஜ் எடுத்து எறக்குனா சிஸ்பிரெப் (அந்த மெஷினோட தனி அடையாளத்த நீக்குற விண்டோஸ் டூல்) போட்டுத் தான் எடுக்கணும், இல்லன்னா சப்போர்ட் கெடையாதுன்னு. நெறைய பேர் போடல, ஓடிக்கிட்டு இருந்துச்சு.

2025 ஆகஸ்ட் 29லயும் அதுக்கப்புறமும் வந்த அப்டேட்ல, விண்டோஸ் 11 24ஹெச்2, 25ஹெச்2, சர்வர் 2025 மூணுலயும் எஸ்ஐடிய கண்டிப்பா சோதிக்க ஆரம்பிச்சாங்க. ஒரே எஸ்ஐடி உள்ள ரெண்டு மெஷினுக்கு நடுவுல நெட்வொர்க்ல ஆள் யாருன்னு சரிபாக்குற கெர்பரோஸ், என்டிஎல்எம் ரெண்டு முறையுமே ஃபெயில் ஆகும். ஷேர், ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் நிக்கும். சிஸ்டம் லாக்ல 6167ன்னு ஈவென்ட் வந்திருந்தா சந்தேகமே வேணாம்.

நீங்களே சோதிக்க, ரெண்டு சிஸ்டம்ல லோக்கல் அக்கவுண்ட்ல நுழைஞ்சு கமாண்ட் பிராம்ப்ட்ல ஹூஆமை ஸ்லாஷ் யூசர் குடுங்க. வர்ற நீள நம்பர்ல கடைசி துண்டு, 1001 மாதிரி, அது யூசரோடது. அத விட்டுட்டு மிச்சம் ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா எஸ்ஐடி டூப்ளிகேட். சந்தையில எஸ்ஐடி மாத்துற டூல்னு கெடைக்கிறத போட்டு லேப்ப பரிசோதன எலியாக்காதீங்க, புரொஃபைல் எல்லாம் கந்தலாகும். ஒரு சிஸ்டம்ல சிஸ்பிரெப்ப ஜெனரலைஸ் டிக்கோட போட்டு, ஷட்டவுன் ஆனதும் திரும்ப ஆன் பண்ணாம அந்த நெலமையிலேயே இமேஜ் எடுத்து எல்லாத்துக்கும் எறக்குங்க. வேல தான், ஆனா ஒரு தடவ ஒழுங்கா பண்ணிட்டா பசங்க பிராக்டிகல் நேரத்துல அல்லாட வேண்டியது இல்ல. சிஸ்பிரெப் போடப்போற டிஸ்க்ல இஎஃப்எஸ்ல (ஃபைல தனித்தனியா பூட்டுற விண்டோஸ் வசதி) என்கிரிப்ட் பண்ண ஃபைல் இருந்தா முதல்ல டிகிரிப்ட் பண்ணிருங்க, இல்லன்னா அது திரும்ப தொறக்கவே தொறக்காது.

சிஸ்பிரெப் போட்டா எரர் வந்து நின்னுருது.

பெரும்பாலும் ஸ்டோர் ஆப். ஒரு யூசருக்கு மட்டும் எதாவது ஆப் எறங்கியிருந்து, எல்லா யூசருக்கும் இல்லன்னா சிஸ்பிரெப் ஒத்துக்காது. சிஸ்பிரெப் ஃபோல்டருக்குள்ள பாந்தர்ன்ற ஃபோல்டர்ல செட்அப்ஆக்ட் லாக்க தொறந்தா எந்த ஆப்னு பேரோட இருக்கும், பவர்ஷெல்ல அத எடுத்துட்டு திரும்ப ஓட்டுங்க. மாஸ்டர் சிஸ்டத்த தயார் பண்ணும்போது நெட் கேபிள கழட்டி வச்சா ஸ்டோர் தானா அப்டேட் ஆகுறது நிக்கும், அந்தத் தலவலி பாதி கொறையும்.

எல்லா ஸ்டூடண்ட் லாகினுக்கும் ஒரே மாதிரி டெஸ்க்டாப் வரணும். ஒரு யூசர் ஃபோல்டர டிஃபால்ட் ஃபோல்டர்ல (புது யூசருக்கு விண்டோஸ் அச்சா எடுக்குற ஃபோல்டர்) காப்பி பண்ணிட்டா போதுமா?

அப்படி பண்ணாதீங்க. அந்த யூசரோட பெர்மிஷன், பாத் எல்லாம் உள்ள ஒட்டிக்கிட்டு வந்து ஸ்டார்ட் மெனு தொறக்காது, சர்ச் வேல செய்யாது. டிஃபால்ட்ல உள்ள என்டியூசர் டாட் கெட்டா புது யூசர் யாருமே நுழைய முடியாது, யூசர் புரொஃபைல் சர்வீஸ் ஃபெயில்டுன்னு வரும். அப்படி ஆயிட்டா அதே வெர்ஷன் உள்ள நல்ல சிஸ்டத்துல இருந்து டிஃபால்ட் ஃபோல்டர எடுத்து வைக்கணும்.

முறையான வழி, விண்டோஸ் போட்ட உடனே முதல் செட்டப் ஸ்கிரீன்ல கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 அழுத்துனா ஆடிட் மோடுக்குப் போகும். அங்க அட்மினிஸ்ட்ரேட்டரா இருந்துக்கிட்டு சாஃப்ட்வேர், வால்பேப்பர் எல்லாம் வச்சுட்டு, அன்அட்டெண்ட் ஃபைல்ல (செட்டப்புக்கு வேண்டிய பதில முன்கூட்டியே எழுதி வைக்கிற ஃபைல்) காப்பி புரொஃபைல்ன்றத ட்ரூன்னு குடுத்து சிஸ்பிரெப் போட்டா அதுவே டிஃபால்ட் ஆயிரும். வேற யூசர் எதையும் அந்த சிஸ்டம்ல வச்சிருக்காதீங்க.

டொமைன்ல இருக்குற சிஸ்டத்த குளோன் பண்ணா டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்டுன்னு வருது.

கம்ப்யூட்டருக்கும் டொமைன்ல (எல்லா சிஸ்டத்தையும் ஒரு சர்வர்ல இருந்து கட்டுப்படுத்துற அமைப்பு) ஒரு பாஸ்வேர்ட் உண்டு, 30 நாளுக்கு ஒருக்க தானா மாறும். பழசும் புதுசும் ரெண்டும் ஓடுனா ஒண்ணு மாத்திரும், இன்னொண்ணு வெளிய நிக்கும். பழைய இமேஜ திரும்ப எறக்குனாலும் இதே கத. லோக்கல் அட்மின்ல நுழைஞ்சு பவர்ஷெல்ல செக்யூர் சேனல (டொமைனோட உள்ள பாதுகாப்பான இணைப்ப) ரிப்பேர் பண்ணுங்க, இல்ல டொமைன்ல இருந்து எடுத்துட்டு திரும்ப சேருங்க. யூசரோட எஸ்ஐடி டொமைன்ல இருந்து வர்றதால அதே புரொஃபைல் தான் திரும்ப வரும், பயப்பட வேணாம்.

பழைய டிஸ்க்க எப்ப விக்கலாம், எப்ப வேற வேலைக்கு எடுத்துக்கலாம்?

மறுநாளே எடுக்காதீங்க. ஒரு மாசக் கணக்கு முழுசா முடியட்டும், ஜிஎஸ்டி ஃபைல் பண்ணுங்க, சம்பள ஷீட் எடுங்க, பழைய பில் ஒண்ணு பிரிண்ட் போட்டுப் பாருங்க, டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்தா அது வேல செய்யுதான்னு பாருங்க. மாசத்துக்கு ஒருக்க மட்டும் தொறக்குற ஃபைல் எதுவோ அது தான் விட்டுப்போயிருக்கும். டிஸ்க் மேல தேதியும் கம்ப்யூட்டர் பேரும் எழுதி ஒட்டி, வெயில் படாத எடத்துல வைங்க. விக்கிறதா இருந்தா குயிக் ஃபார்மேட் பத்தாது, வீட்டு ஆளுங்க ஆதார் காப்பி, போட்டோ எல்லாம் அதுல இருந்து எடுத்துரலாம். டிஸ்க்பார்ட்ல கிளீன் ஆல் குடுத்தா முழு டிஸ்க்கையும் 0 போட்டு அழிச்சிரும், பெரிய டிஸ்க்குன்னா மணிக்கணக்கா ஓடும், ஓடட்டும். அந்தக் கமாண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி எஸ்எஸ்டிய கழட்டி வச்சுட்டு வேற சிஸ்டம்ல வச்சு செய்யுங்க, செலக்ட் ஆன டிஸ்க் நம்பரையும் சைஸையும் ரெண்டு தடவ பாத்துட்டு என்டர் தட்டுங்க.